லண்டன் வானம்

வெள்ளைக்காரன் காலத்தில் ஒருநாள், கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போவதற்காக வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். வழக்கு என் மச்சானுடையது, அதை விடுங்கள். எதிரே யாழ்ப்பாணத்து அப்பா ஒருவரும் கொலிஜில் படிக்கிற மகனும் இருந்தார்கள். மகன்தான் தொடங்கினான்.

“மூண்டு வருஷமா வானத்தைப் படிக்கிறன் அப்பா. ஒருநாளாவது தொலைநோக்கியைக் கண்ணால கண்டனானோ?”

“கொலிஜில இல்லையோ?”

“இல்லை. சோதினைத் தாளும் லண்டன்ல இருந்து வருது. அந்த ஊர் வானத்தைத்தான் கேக்கிறாங்கள். அங்க துருவ நட்சத்திரம் பாதி வானத்தில நிக்குமாம். இங்க அதைப் பக்கத்து வீட்டுக் கூரை மறைக்குது, மிச்சத்தைத் தெரு விளக்கு மறைக்குது.”

அப்பா ஒரு விண்ணப்பத்தை மடியில் விரித்தார். “அதுதான் சொல்லுறன், சர்வேயர் வேலைக்கு எழுது. இண்டைக்குத்தான் கடைசி நாள்.”

“காணி அளக்கவோ நான் படிச்சனான்?”

“எங்கட ஊரில வேலிச் சண்டை இருக்குமட்டும் சர்வேயருக்குச் சோறு இருக்கு. நட்சத்திரத்துக்கு ஆரடா வேலி போடுறான்?”

கொள்ளுப்பிட்டியில் ரயில் நின்றபோது மகன் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“எங்க அனுப்புவாங்கள்?”

“முதல்ல வன்னிக் காடுதான். கூடாரத்தில படுக்கவேணும். பொழுதுபட்டால் ஒரு விளக்கும் கிடையாது.”

மகன் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனையைப் பிடுங்கிக் கையெழுத்து வைத்தான்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “இவ்வளவு நேரமும் சோறெண்டன், கேக்கேல்லை. இருட்டெண்டதும் வைக்கிறான்!”