மாதிரித் தண்ணீர்

அவையை நடத்தித் தரும் தலைவர் ஐயா அவர்களே, ஏரிக் காப்புக் குழுவின் மூத்தவர்களே, கேடயத்தைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு நகரத்திலிருந்து வந்திருக்கும் குடிநீர்ப் பொறியாளர் அவர்களே, நேரத்தோடு வந்து நாற்காலி பிடித்த பெரியோர்களே, பிடித்த நாற்காலியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இது எப்போது முடியும் என்று கதவோரம் காத்து நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரியின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்று மேடையில் எல்லோரும் சொல்வதுதான். அது மேடைக்கான அலங்காரம். இன்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே தலை நிமிரவில்லை.

எனக்கு ஒதுக்கிய வேலை நன்றியுரை. குழுவிலேயே எனக்குத்தான் குரல் பெரியது என்பதால் வருடா வருடம் என் தலையில்தான் அது விழும். தலைவருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, தேநீர் போட்டவருக்கு நன்றி என்று சொல்லி முடிப்பேன். நீங்களும் பாதியில் எழுந்து தேநீர்ப் பக்கம் போய்விடுவீர்கள். இன்று மட்டும் கொஞ்சம் உட்காருங்கள். தேநீர் ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

இந்த மேடையில் இதுவரை என்ன பேசினார்கள்? நம் ஏரியின் அழகைப் பேசினார்கள். கரையில் நாம் நட்ட மரங்களைப் பேசினார்கள், நாம் வண்ணம் அடித்த இருக்கைகளைப் பேசினார்கள், குப்பை போடாதீர் என்று நாம் எழுதிவைத்த பலகைகளைப் பேசினார்கள். எல்லாம் உண்மை. கரையைக் காத்தோம், கண்போலக் காத்தோம், களைப்பில்லாமல் காத்தோம். ஆனால் பெரியோர்களே, கரையைக் காத்த கைகள்தான் கறையையும் மறைத்தன என்பதை யாராவது பேசினார்களா?

தலைவர் ஐயா கடிகாரம் பார்க்கிறார். பார்க்கட்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் ஐயா.

நம் தெருக்களுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பின்வாய்க்கால். சாக்கடை என்று நம்மில் ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் நாக்கு அழுகிவிடும்போல. நம் சமையலறைக் கழிவு அதில், குளியலறைக் கழிவு அதில், பேக்கரியின் எண்ணெய்த் தட்டு கழுவிய தண்ணீர் அதில், என் கடையில் துணிக்குச் சாயம் போட்ட தண்ணீரும் அதில்தான். எல்லாம் அமைதியாக நழுவிப்போய் ஏரியில் சேர்கிறது. சேரும் இடத்தில் நகரத்துக் குடிநீர் ஆய்வகத்துக்காரர்கள் ஒரு கம்பு நட்டுச் சிவப்புக் கொடி கட்டினார்கள். மாதாமாதம் இந்த இடத்தில் ஒரு புட்டித் தண்ணீர் எடுத்து அனுப்புங்கள், மாதிரி பார்க்க வேண்டும் என்றார்கள்.

மாதிரி! தாய்மார்களே, அந்த ஒரு சொல்லில்தான் நாம் வழுக்கி விழுந்தோம். ஆய்வகத்துக்காரர் மாதிரி என்று கேட்டது, ஏரி எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு புட்டியில். நம் காதில் விழுந்த மாதிரி வேறு. மாதிரிப் பள்ளி என்கிறோமே, மாதிரி வீடு என்கிறோமே, அந்த மாதிரி. நாலு பேர் பார்த்து மெச்சுகிற மாதிரி. ஊருக்கே எடுத்துக்காட்டாக நிற்கிற மாதிரி!

தண்ணீர் எடுக்கும் பொறுப்பு நம் படகுக்காரத் தம்பிக்கு. தம்பி, எழுந்து போகாதே, உன்னைத் திட்டப் போவதில்லை. கொடி இருக்கும் இடத்தில் நுரை மிதக்கும், நாற்றம் வேறு. தம்பி அங்கே படகை நிறுத்தவே இல்லை. துடுப்புப் போட்டு நடு ஏரிக்குப் போயிருக்கிறார். ஆழமான, தெளிவான, குளிர்ந்த இடமாகப் பார்த்து எடுத்து, அதையும் நான்காக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, புட்டியின் வெளிப்புறத்தைப் பளபளவென்று துடைத்து அனுப்பியிருக்கிறார். அந்த வெள்ளைத் துணி யார் கொடுத்தது தெரியுமா? என் கடைத் துணி. எதற்குத் தம்பி என்று கேட்டேன். மாதிரிக்கு அக்கா என்றார். இன்னும் கொஞ்சம் நல்ல துணியாகக் கிழித்துக் கொடுத்தேன்.

சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், வேறு யாராவது செய்திருந்தால். வைத்தியரிடம் போய் வலிக்கிற காலை மறைத்துக்கொண்டு வலிக்காத காலை நீட்டினால் வைத்தியர் என்ன சொல்வார்? உனக்கு ஒன்றுமில்லை, போய் வா என்பார். அப்படித்தான் நம் ஏரிக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மாதாமாதம் சொன்னார்கள். நாமும் மாதாமாதம் கை தட்டினோம்.

பிறகு ஒரு மாதம் தம்பிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. யாரை அனுப்பலாம் என்று பார்த்தபோது, சைக்கிள் கடை வீட்டின் புது மருமகள் நான் போகிறேன் என்றாள். அவளுக்கு நம் ஏரியும் புதிது, நம் வழக்கமும் புதிது. கொடி இருக்கும் இடத்துக்குப் போனாள். நுரையை ஒதுக்காமல், மூக்கைப் பொத்தாமல், குனிந்து எடுத்தாள். புட்டியை அப்படியே அனுப்பினாள். ஆய்வகம் திருப்பிச் சொன்ன பதில்: இந்தத் தண்ணீர் குடிக்கத் தகாது.

பேக்கரி மாடியில் நம் குழு கூடியது நினைவிருக்கிறதா? கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டிருந்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் சுவரோரம் நின்றாள். முடிவைச் சத்தமாகவே படித்தோம்; இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. படித்தபிறகு நமக்கு ஏரியின்மேல் சந்தேகம் வந்ததா? வாய்க்காலின்மேல் வந்ததா? நம்மேல் வந்ததா? அவள்மேல் வந்தது. எங்கேம்மா எடுத்தாய் என்று கேட்டோம்.

“கொடி இருக்கற இடத்துலதான் எடுத்தேன். அங்கதான எடுக்கச் சொன்னாங்க?”

பேக்கரி அண்ணன் அன்று சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

“ஏம்மா, எடுக்கறதுதான் எடுக்கற, கொஞ்சம் நல்லதாப் பாத்து எடுக்கக் கூடாதா?”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், என் குரல் பெரியது என்பதால் என் சிரிப்பு அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அவள் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நம் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார்.

“புதுசு, அதான். போகப் போகப் பழகிடுவா.”

பழகிவிடுவாளாம்! எதற்குப் பழக வேண்டும், பெரியோர்களே? நாற்றத்தைச் சுற்றிக்கொண்டு படகு விடுவதற்குப் பழக வேண்டுமா? வடிகட்டித் துடைத்துப் பளபளப்பாக்கிப் பொய் அனுப்புவதற்குப் பழக வேண்டுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அந்த அறையில் அன்று தண்ணீர் எடுக்கத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார்? அந்தப் பெண் அதற்குப் பிறகு நம் கூட்டத்துக்கு வரவில்லை. அவளை நாம் தேடவும் இல்லை. தம்பியின் இடுப்பு சரியானதும் மறுபடி ஒரு புட்டி போனது, நல்லது என்று பதில் வந்தது. முந்தைய முடிவை, தண்ணீர் எடுத்தவரின் தவறு என்று ஆய்வகத்துக்கும் சொல்லி ஒதுக்கிவைத்தோம்.

பின்னால் யாரோ “போதும்” என்றீர்கள். அண்ணா, போதும் என்று நாம் வாய்க்காலிடம் சொல்லியிருந்தால் நான் இப்படி நிற்க வேண்டி வந்திருக்காது. இன்னும் முடிக்கவில்லை, பொறுங்கள்.

நம் புட்டிகளுக்கு வந்த பதில்களை நம்பித்தான் நகரம் ஒரு முடிவு எடுத்தது. வரும் திங்கட்கிழமை நம் ஏரியின் மதகைத் திறந்து, லேசாக மருந்து கலந்து, நேராக நகரத்துக் குழாய்களுக்கு விடுவது என்று. அதற்கான பாராட்டுத்தான் இந்தக் கேடயம். ‘மாதிரி ஏரி’ என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பொறித்தவருக்கும் தெரியவில்லை, எந்த மாதிரி என்று.

என் தங்கை அந்த நகரத்து மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவின் சமையலறையில் வேலை செய்கிறாள். கஞ்சி காய்ச்சுவது, பால் கலக்குவது, குடிக்கத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இந்த வாரம் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அவ்வளவு பெருமை.

“அக்கா, திங்கட்கிழமையிலேர்ந்து உங்க ஏரித் தண்ணி வருதாம். அது அவ்ளோ சுத்தம், இனிமே கொதிக்க வைக்கவே வேணாம்னு சொல்றாங்க. அப்படியே குடுக்கலாம்ல?”

என்ன சொல்வேன்? அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, நேராகப் படகுத்துறைக்குப் போனேன். எங்கே எடுக்கிறாய் தம்பி என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நடு ஏரியைச் சொன்னார், வடிகட்டியதைச் சொன்னார், என் துணியையும் சொன்னார்.

“மாதிரின்னா சும்மாவாக்கா? நம்ம ஏரியப் பத்தி யாரும் ஒரு குறை சொல்லிடக் கூடாதுல்ல?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏரியின்மேல் அவருக்கு இருப்பது பாசம். படம் பிடிக்குமுன் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுகிற பாசம். நம் எல்லோருக்கும் அதே பாசம்தான். அந்தப் பாசத்தால்தான் அவமானம் இன்னும் அதிகமாக இருக்கிறது. எதிரி செய்ததாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம்.

இனி சொல்வது என்னைப் பற்றி. இன்று காலையில் தங்கையை அழைத்தேன். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நன்றாகக் கொதிக்க வைத்தே கொடு, ஏன் எதற்கு என்று கேட்காதே, யாரிடமும் சொல்லாதே என்றேன். சொல்லிவிட்டு, கடமை முடிந்தது என்று மூச்சு விட்டேன். இந்தக் கூட்டத்துக்கு உடுத்த வேண்டிய புடவையைக்கூட எடுத்து வைத்தேன். அவள் இன்னும் மறுமுனையில்தான் இருந்தாள். பிறகு கேட்டாள்.

“எனக்குச் சொல்லிட்ட. மத்தவங்களுக்கு யாரு சொல்வாக்கா?”

கேட்டீர்களா தாய்மார்களே? அந்த நகரத்தில் எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை தொட்டில்! அங்கே தண்ணீர் பிடிக்கிற ஒவ்வொருத்திக்கும் இந்தக் கரையில் ஓர் அக்கா இருக்கிறாளா, கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் சொல்ல? விஷயம் முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேனே, இதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது? புட்டியில் அனுப்பியதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். காலையில் நான் பேசியதை எதைச் சொல்லி மூடுவேன்?

தலைவர் ஐயா மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, நாலு தெருவுக்குக் கேட்கட்டும்.

பொறியாளர் அவர்களே, உங்களிடம் நேராகச் சொல்கிறேன். நாங்கள் அனுப்பியவை கொடி இருக்கும் இடத்துத் தண்ணீர் இல்லை. அங்கிருந்து வந்தது ஒரே ஒரு புட்டி. அது குடிக்கத் தகாது என்று உங்கள் ஆய்வகமே சொன்னது. திங்கட்கிழமை மதகைத் திறக்காதீர்கள். கேடயத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எங்களுக்குத் தண்டனை உண்டென்றால் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் மதகை நிறுத்துங்கள்.

ஏன் சத்தம் போடுகிறீர்கள்? ஊர் மானம் போய்விட்டது என்றா? மானம் பின்வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது, நாம் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்! நாளைக் காலையில் வாய்க்காலை அடைக்க மண்வெட்டி எடுப்போம். முதலில் என் கடைக் குழாயை அடையுங்கள், அடுத்து பேக்கரியுடையதை அடையுங்கள். அண்ணன் தலையாட்டுகிறார், பாருங்கள். சைக்கிள் கடை வீட்டுக்கு நானே போகிறேன். அந்தப் பெண் கதவைத் திறந்தால் மன்னிப்புக் கேட்கிறேன், திறக்காவிட்டால் வாசலில் நின்றே கேட்கிறேன்.

பொறியாளர் எழுந்துவிட்டார். வழி விடுங்கள் தம்பிகளே, அவர் நகரத்துக்கு அவசரமாகப் பேச வேண்டியிருக்கிறது. கேடயத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். யாராவது பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுங்கள், இங்கே வைக்காதீர்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே, ஒலிபெருக்கியில் உங்களுக்குக் கேட்டிருக்காது. படி இறங்கும்போது அவர் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். “நன்றிம்மா” என்றார். நாம் அவருடைய ஊருக்கு எதை அனுப்பிவைக்கப் பார்த்தோம் என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் நன்றி சொல்கிறார். இன்றைய நன்றியுரை அவ்வளவுதான். அதற்குமேல் நன்றி சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. எல்லோருக்கும் வணக்கம்.