இடது பக்கத்து இருக்கை

என் பெயர் லமாரா ஷோனியா. வயது நாற்பத்தொன்று. காலஞ்சென்ற மூர்மன் ஜிகியாவின் மனைவி. போத்தி துறைமுகத்துக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடியில், என் மகள் சலோமே, வயது பதின்மூன்று, என் மாமனார் ஓதியா ஜிகியா, வயது எழுபத்து நான்கு, ஆகியோருடன் வசித்து வருகிறேன். மருந்துக்கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறேன். மாமனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். காறை எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்ததால் முன்பு அழைத்தபோது என்னால் வர இயலவில்லை. நெருங்கிய உறவினருக்குப் பாதகமாகச் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று விசாரணை அதிகாரி எடுத்துச் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

என் கணவர் போலந்தில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து வந்தார். கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர், தன் அப்பாவை மலைக்கு அழைத்துப்போய், உறைந்து கிடக்கும் பனியாற்றைக் காட்ட வேண்டும் என்றார். மாமனார் எஞ்சின் ஓட்டிய காலமெல்லாம் அந்த மலைகளைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஒருநாளும் போனதில்லை. இதையே அவர் எல்லா விருந்திலும் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் நாங்கள் நால்வரும் விடியும் முன்பே மலையூரான மெஸ்தியாவுக்குக் கிளம்பினோம். வழிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் கட்டிக்கொண்டது நான்தான்.

வண்டியைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது: அது ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. ஸ்டீரிங் வலது பக்கம். நம் சாலையில் வண்டிகள் போவதும் வலது பக்கமே என்பதால், முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. முன்னிருக்கையில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து "போ" என்றோ "இரு" என்றோ சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கும் எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், உங்கள் காவல் நிலைய வாசலில் நிற்கும் இரண்டு வண்டிகளும் அதே மாதிரிதான். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் உட்காருவது நான். என் கணவர், "கை என்னோடது, கண்ணு இவளோடது" என்று எல்லாரிடமும் சொல்வார். மாமனார் உடன் வந்தால் அந்த இடம் அவருடையது. மருமகள் முன்னால் உட்கார்ந்து மாமனாரைப் பின்னால் உட்கார வைப்பது எங்கள் வீடுகளில் நடக்கிற காரியம் இல்லை.

மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லி அதிக காலமாகிறது. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிடுவார். கண்ணுக்குச் சொட்டு மருந்து நான்தான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பேன். அதனால் புரை குறையாது என்பது அதை விற்கிற எனக்குத் தெரியும். பார்வை மங்கல் என்பதும் தெரியும். எவ்வளவு மங்கல் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் அவர் எதிலும் இடித்துக்கொள்ள மாட்டார்.

ஏறும்போது, அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில், முன்னால் ஒரு வைக்கோல் லாரி போயிற்று. மாமனார், "காலியா இருக்கு, போப்பா" என்றார். என் கணவர் வண்டியை வெளியே எடுத்த உடனே எதிரில் ஒரு சின்ன பஸ் வந்தது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ் ஓட்டுநர் ஜன்னல் வழியாக எங்கள் குடும்பத்தையே திட்டிக்கொண்டு போனார்.

"அவன் வளைவுல ஒளிஞ்சுட்டு இருந்தான்" என்றார் மாமனார்.

"ஒளிஞ்சு விளையாடுற வயசாப்பா அவனுக்கு?" என்றார் என் கணவர்.

"முப்பது வருஷம் எஞ்சின் ஓட்டினேன்டா. ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல."

"கோழிக்குத் தண்டவாளம் எதுன்னு தெரியும்ப்பா. இங்க எதிர்ல வர்றவனுக்கும் இதே ரோடுதான்."

சலோமே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மெஸ்தியாவில் ஒரு வீட்டில் இறைச்சி ரொட்டி சாப்பிட்டோம். என் கணவர் குடித்திருந்தாரா என்று கேட்டதற்கு: குடிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் இறந்தவர்களின் நினைவாகக் கோப்பையை உயர்த்தியபோது என் கணவர் எழுந்து நின்று, உதட்டில் தொட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டார். மாமனார் தன் கோப்பையைக் குடித்தார். அதன் பிறகு சலாதி பனியாற்றுப் பக்கம் வண்டி போகிற தூரம் போய், தொங்கு பாலத்தைக் கடந்து காட்டுக்குள் நடந்தோம். மாமனார் சலோமேயின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். "உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும்மா, மெதுவா போ" என்று, பிரியமானவர்களிடம் எப்போதும் சொல்வது போல, அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வயதானவர், கற்கள் நிறைந்த பாதை, அதனால்தான் என்று எண்ணினேன்.

பனியாற்றின் முகப்பு கருப்பு. மண்ணும் கல்லும் மூடி, கரியடுப்பைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல இருந்தது. கீழே ஓடின தண்ணீர் சாம்பல் நிறம். இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. என் கணவர் ஒரு பாறை மேல் ஏறிக் கையை விரித்து நிற்க, நான் போனில் படம் எடுத்தேன். அப்போது எனக்குப் பின்னால் மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன வெள்ளை! என்ன வெள்ளை! கண்ணு கூசுது. சாகறதுக்குள்ள பாத்துட்டேன்" என்றார்.

சலோமே, "தாத்தா, அது..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். அவள் நிறுத்திக்கொண்டாள். என் கணவர் தள்ளி நின்றதாலும் தண்ணீர் இரைச்சலாலும் அவர் காதில் இது விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டிக்குத் திரும்பியபோது நான் முந்திப் போய், முன்பக்க இடது கதவின் பிடியில் கை வைத்தேன். மாமனார் வந்து என் அருகில் நின்றார். வழி விடுவேன் என்று காத்திருந்தார். என் கணவர் உள்ளிருந்து, "என்ன லமாரா, அப்பா சீட்டுக்குப் போட்டியா?" என்று கேட்டார். நான் கையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன், மாமனாருக்கு நேர் பின்னால். சலோமே என் வலது பக்கம்.

அதன் பிறகு கீழே இறங்கி வரும் வழியில் மரக்கட்டைகள் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் நெடுநேரம் போக வேண்டியதாயிற்று. லாரி புகையைக் கக்கிக்கொண்டு நடை வேகத்தில் போனது. சாலையோரம் சின்ன தேவாலயம் வந்தபோது எல்லாரும் மூன்று முறை சிலுவைக்குறி போட்டோம். அது தாண்டியதும் ஒரு நேர் பாதை. என் கணவர், "எப்படிப்பா?" என்று கேட்டார். மாமனார் கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து பார்த்து, "காலி. போப்பா" என்றார். என் கணவர் வண்டியை இடது பக்கம் எடுத்தார்.

எதிரே விளக்கு எரிந்தது. நான் அதைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சின்ன லாரி, தன் பாதையில்தான் வந்தது, இரண்டு விளக்கும் போட்டிருந்தது, வேகமாக வரவில்லை. "மூர்மன்!" என்று கத்தினேன். அவர் வலது பக்கம் ஒடித்தார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் கட்டை லாரியின் பின் சக்கரத்துக்குள் போய்விட்டது. எதிரே வந்தவர் பிரேக் போட்டு வழுக்கி வந்து எங்கள் வண்டியின் பின்பகுதியில், நான் இருந்த பக்கம், இடித்தார். அதன் பிறகு சத்தம் இல்லை. வெள்ளரிக்காய் ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன். மாமனாருக்கு நெற்றியில் கீறல் மட்டுமே. அவர் கட்டை லாரியைப் பார்த்தபடி, "எது மோதுச்சு? எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எதிர் வண்டியை ஓட்டி வந்தவர் பெயர் ஜான்சுக் என்று பின்னர் அறிந்தேன். அவருடைய ஒரு மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் சலோமேயை ஜன்னல் வழியாக வெளியே எடுத்தார். அதன் பிறகு தன் சட்டையைக் கழற்றி என் கணவரின் முகத்தின் மேல் போட்டார். அதிலிருந்துதான் என் கணவர் இறந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஜான்சுக்கிடம் மது வாடை இல்லை. என் முகத்துக்கு மிக அருகில் குனிந்தார், ஆகவே உறுதியாகச் சொல்ல முடியும்.

சாலை காலியாக இருந்ததாகவும், ஜான்சுக் பேய் வேகத்தில் எங்கிருந்தோ வந்ததாகவும் என் மாமனார் கூறியிருப்பதையும், அதன் பேரில் ஜான்சுக் காவலில் இருப்பதையும் நான் அறிவேன். மாமனார் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சாலை காலியாகத்தான் தெரிந்திருக்கும். மருத்துவமனைக்கு வந்த உறவினர்கள் என்னிடம், "நீ தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிடு, போதும். போனவன் போயிட்டான், கிழவரையும் கொல்லணுமா?" என்றார்கள்.

நான் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, அடக்கத்துக்கு முந்தைய நாள், ஜான்சுக்கின் தாய் மலையிலிருந்து கறுப்பு உடையில் வந்தார். துக்கத்துக்கு வருபவரை வாசலில் நிறுத்தக் கூடாது என்பதால் யாரும் தடுக்கவில்லை. மற்றவர்களைப் போல சவப்பெட்டியைச் சுற்றி வந்தார், என் கணவரின் கையைத் தொட்டார், அழுதார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். எனக்கு அன்றும் அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை.

அதன் பிறகு கல்லறைக் கல் சொல்ல நானும் மாமனாரும் என் தம்பி கோச்சாவும் கல் செதுக்குபவரிடம் போனோம். பனியாற்றில் எடுத்த படத்தைக் காட்டினோம். கடைசியாக எடுத்தது அதுதான்.

"ஆளு படத்துல நல்லா விழுந்திருக்காரு. பின்னாடி என்ன இது, நிலக்கரிக் குவியலா? துறைமுகத்துல எடுத்ததா?" என்று கேட்டார் அவர்.

"பனியாறுங்க" என்றான் கோச்சா.

"பனியாறா? இவ்வளவு கருப்பாவா? பரவால்ல, நமக்கு வேலை மிச்சம். கல்லும் கருப்பு, அப்படியே விட்டுடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமனார் பக்கத்தில் நிறுத்தியிருந்த கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் நின்ற இடத்துக்குச் சற்று இடப்புறமாகத் திரும்பி, "லமாரா?" என்றார்.

"கருப்புதான் மாமா."

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான்."

திரும்பி வந்ததும் மாமனார் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டு, "அந்தப் பையன் விளக்கு போட்டிருந்தானா?" என்று கேட்டார். போட்டிருந்தான் என்றேன். "அப்ப நீ போய்ச் சொல்லிடு. நான் சொன்னா, மகனப் பறிகொடுத்த கிழவன் உளர்றான்னுதான் எழுதிப்பாங்க" என்றார். இன்னும் இரண்டு படி ஏறினதும் நின்று, "ஏன் அங்கேயே சொல்லலன்னு உன்னக் கேக்க மாட்டேன். சொல்லியிருந்தா உன்னத்தான் திட்டியிருப்பேன்" என்றார். என் மாமனார் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நோவெல்லாம் எனக்கு வரட்டும் என்று அவர் யாரிடமும் இப்போது சொல்வதில்லை, சலோமேயிடமும் இல்லை.

இன்று எங்களை இங்கே அழைத்து வந்தது கோச்சா. அவன் வண்டிக்கும் ஸ்டீரிங் வலது பக்கம்தான். மாமனாருக்காக முன் கதவைத் திறந்து பிடித்தான். மாமனார் வண்டியைத் தடவிக்கொண்டே போய்ப் பின் கதவின் பிடியைக் கண்டுபிடித்து, தானே திறந்து உட்கார்ந்தார். "முன்னாடி லமாரா உக்காரட்டும்" என்றார். நான் உட்கார்ந்தேன். வழியில் வந்த லாரிகளுக்கு எல்லாம் "போ" என்றும் "இரு" என்றும் நான்தான் சொன்னேன்.

மேலே எழுதியவை அனைத்தும் நான் சொன்னவையே, நானறிந்தவரை உண்மையே. மாமனார் கேட்டுக்கொண்டதன் பேரில் அவரையும் உள்ளே அழைத்து உட்கார வைத்து, இது முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படிக்கப்பட்டது. நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அவரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
லமாரா ஷோனியா