நாய் வாரம்

– உள்ள வா சித்லாலி. துக்கத்துக்கு ஜெபமாலை சொல்ல ஆளுங்க வர இன்னும் நேரமிருக்கு. காப்பி ஊத்தட்டுமா?

– வேணாம் தோனா ஒஃபேலியா. இந்த ரொட்டியைக் குடுத்துட்டுப் போகலாம்னுதான்...

– தினமும் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடறே. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உட்காருடி.

– ...சரி.

– நீதானே என் உரியெலுக்கு முடி வெட்டினது?

– ஐயோ... பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வர்ற எல்லாருக்கும் வெட்டுவோம். அவனுக்குக் கொஞ்சம் பார்த்துத்தான்...

– பார்த்தா வெட்டினே? ஆடு மேஞ்ச மாதிரி இருந்துச்சு!

– சும்மா இருந்தாத்தானே? சிரிச்சு சிரிச்சுத் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான்.

– வீட்டுக்கு வந்தும் அதே சிரிப்பு. ‘அம்மா, இந்த வாரம் முழுக்க நான் நாய்’னான்.

– முதல் வருஷக்காரங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். போன வருஷம் நானும் நாய்தான்...

– தெரியும். இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. வாய்க்கால்ல தத்தளிச்சப்ப அவன் கூப்பிட்டானா?

– ரொட்டி ஆறிடும் தோனா... எடுத்து வைக்கட்டுமா?

– குலியாக்கான் டவுன்ல இருந்து விசாரிக்க வந்த அதிகாரிங்ககிட்ட ‘சத்தமே வரலை’னு எல்லாரும் சொன்னீங்களாமே.

– ஆமா... வரலை.

– என் பையனுக்கா? சந்தையில அவன் தக்காளி கூவினா அடுத்த தெருவுல திரும்பிப் பார்ப்பாங்கடி.

– தண்ணி ரொம்ப வேகமா...

– என்னைப் பார்த்துச் சொல்லு.

– யாரும் தள்ளல தோனா. சத்தியமா தள்ளல. ‘நாய்னா நீந்திக் காட்டு’ன்னு எங்க வகுப்பு எஃப்ரேன் சொன்னான். இவனே குதிச்சுட்டான்.

– அவனுக்கு நீச்சல் தெரியாதேடி! தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

– சொல்ல முடியாது... அந்த வாரம் நாய்ங்க பேசவே கூடாது. என்ன கேட்டாலும் குரைக்கத்தான் செய்யணும். பேசிட்டா அடுத்த வாரமும் நாய்தான்.

– அப்போ...

– கூப்பிட்டான் தோனா. குரைச்சுக் கூப்பிட்டான். தண்ணிக்குள்ள இருந்து விடாம குரைச்சான்... நாங்க கரையில நின்னு கை தட்டினோம். ‘இன்னும் சத்தமா’ன்னோம். ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அதுக்குள்ள தண்ணி...

– ...

– ரெண்டு அடி வேணா அடிங்க. இல்ல, திட்டுங்க. இப்பவே போய் நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். இப்படிப் பேசாம மட்டும் இருக்காதீங்க...

– போய்ச் சொல்லு. நீங்க சிரிச்சதையும் சொல்லு. அப்ப நான் மொட்டை மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன்னும் சேர்த்துச் சொல்லு. வாய்க்கால் பக்கம் அவன் குரல் கேட்டுச்சு... எம்புள்ள என்னமா குரைக்கிறான்னு நானும்தான் சிரிச்சேன், மகளே.