கிடாருக்கு நடுவில் ஒரு குரல்

டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டது. முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய தம்பதி, ஆளுக்கொரு காதில் இயர்போன். திடீரென்று அந்த அம்மாள் தன் காதிலிருந்ததைப் பிடுங்கிக் கணவர் மடியில் எறிந்தார்.

“யோவ், யாரக் கேட்டு என் கொரல அழிச்ச?”

“கத்தாத ஸ்டெல்லா. அந்த ராக் கச்சேரிய கூட்டத்துல நின்னுகினு கேசட்ல புடிச்சவன் நானு. இப்ப நெட்ல போட்டா, ஸ்டுடியோவுல எடுத்தாப்ல கீதுன்னு வெளிநாட்டுக்காரன்லாம் எழுதறான்.”

“எழுதுவான். ரெண்டு மணி நேரம் சட்டைக்குள்ள டேப்ப வெச்சிகினு கம்பம் மாதிரி நின்ன. கை தட்டல. என்னாண்ட ஒரு வார்த்த பேசல. அப்ப நமக்குக் கல்யாணம்கூட ஆவல. வூட்ல சர்ச்சுக்கு, நொவேனா ஜெபத்துக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்யா!”

“அதுக்கோசரம்? நல்ல கிடார் பிட்டு ஓடிகினு கீது, நீ நடுவுல ‘கால் வலிக்குது, போலாமா’ன்ற.”

“வலிச்சுது, கேட்டேன்.”

“கலீஜா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துட்டேன்.”

“கேசட்டு எங்க?”

“பூஞ்ச புடிச்சி கெடந்துது. தூக்கிப் போட்டுட்டேன்.”

பேருந்து நகர்ந்தது. விம்கோ நகரில் இறங்க எழுந்தபோது அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பாட்டு ஊரு பூரா கீது. என் பத்தொம்போது வயசு கொரலு அந்தக் கேசட்ல மட்டுந்தான்யா இருந்துச்சு.”