மூத்தவளுக்கு ஒரு சேலை

யுத்தம் நடந்து துணிக்குப் பங்கீடு இருந்த வருஷங்களில் ஒருநாள், ஓமலூர் கண்ட்ரோல் துணிக்கடை வாசலில் வெயிலோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் புழுங்கலரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"நேத்து மத்தியானம் எங்க ஊட்டுக்காரரோட மூத்த சம்சாரம் கெணத்தோரம் நின்னாங்கக்கா."

"அவ செத்துப்போனவளாச்சே சாமி."

"ஆமாங்க. பூவாடைக்காரின்னு கும்பிடறோம். அவுங்களுக்கு இந்த வருசம் படைக்கத்தான் சேலை எடுக்க வந்தேன்."

"உசுரோட நீ அவளப் பாத்ததே இல்லியே. அவதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சேலைய வெச்சுத்தானுங்க. தோள்ல ஒட்டுப்போட்ட பச்சைச் சேலை. நான் கட்டியிருக்கறேனே, இதேதான். கல்யாணமாகி வந்ததும், மூத்தவங்க கட்டுனதுன்னு மாமியா பொட்டியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க."

"அப்ப வருசா வருசம் படைக்கற புதுச்சேலை?"

"படைச்சு எடுத்ததும் நாத்தனா கட்டிக்குவாங்க."

வரிசை ஓரடி நகர்ந்தது. பெரியவள் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இல்லியா உனக்கு?"

"பயமென்னங்க. செத்த பின்னாலயாவது புதுசு கட்டலாம்னு இருந்தேன். அவுங்களப் பாத்ததும் அந்த நெனப்பும் போச்சு."