மின்சூளையின் கதவைத் திறந்தது பற்றி

என் பெயர், வயது, விலாசம் மேலே எழுதியிருப்பது சரி. படிப்பு எட்டாவது; கணக்குக்காக அதையே இரண்டு தடவை படித்தேன். நான் சுவர் அலங்காரக் கலைச் சங்கத்தின் பொருளாளர். சங்கத்தைத் தொடங்கி நடத்துபவள் என் மகள். முதல் கூட்டத்துக்கு நேரத்தோடு வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்தப் பதவி கிடைத்தது.

தொடக்கத்தில் நன்கொடை வந்தது. மின்சூளை வாங்கி, டைல்ஸில் சித்திரம் தீட்டிச் சுட இலவசமாகச் சொல்லிக்கொடுத்தோம். அதன் பிறகு நன்கொடையாளர் தொழிலை மூடிவிட்டதால் வகுப்புக் கட்டணத்தில் வாடகை கட்டினோம். அதன் பிறகு அதுவும் போதாமல், மின்சூளையை ஈடாக எழுதிக்கொடுத்து வட்டிக்காரரிடம் கடன் வாங்கினோம். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டுச் சுவருக்கு டைல்ஸ் கேட்டது. அந்தப் பணம் வந்தால் கடன் அடைந்துவிடும்.

நேற்று அந்த டைல்ஸ் சூளையில் வெந்துகொண்டிருந்தபோது, மகள் ஆஸ்பத்திரிச் சுவரை அளக்கப் போயிருந்த சமயம், வட்டிக்காரர் ஓர் ஆளையும் வேனையும் கூட்டிவந்து சூளையை எடுத்துப்போவதாகச் சொன்னார். சூடு ஆறாமல் திறந்தால் எல்லாம் வெடித்துவிடும், நாளைவரை பொறுங்கள் என்றேன்.

"நாளைக்கு நாளைக்குன்னே வருஷம் ஓடிப்போச்சு பெரியவரே. பேருதான் பொருளாளர், பெட்டியில காத்து."

"காத்தாவது இருக்கே. அதுக்கும் வட்டி கேக்காதீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவருடைய ஆள் சுவிட்சை அணைத்தார். நான் சூளைக்கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதுகு பொறுக்க முடியாமல் சுட்டது. வட்டிக்காரர் "தூக்குடா" என்றார். "எதைங்க, சூளையையா, பெரியவரையா?" என்று கேட்ட ஆள், என்னை நாற்காலியோடு நகர்த்தி வைத்துவிட்டு, கதவின் விளிம்பை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். அலறினார். நான் தள்ளவில்லை, தள்ளுகிற உடம்பும் எனக்கில்லை. "சுடும் தம்பி" என்று கத்தியது மட்டும் நான்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே டைல்ஸ் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் மகள் வந்தாள். சூளையைப் பார்த்தாள்.

"அப்பா, அவர் கையை முதல்ல குழாயில காட்டச் சொல்லுங்க" என்றாள்.

அதன் பிறகு வட்டிக்காரர் வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். சூளைக்குள் அந்த டிக், டிக் சத்தம் அடங்கும்வரை மகளும் நானும் அந்த ஆளும் குழாயடியில் நின்றோம்.

மகள் தூண்டிவிட்டுத்தான் நான் தடுத்தேன் என்று வட்டிக்காரர் போலீஸில் கொடுத்த புகாரில் இருப்பது பொய். அது முழுக்க என் சொந்தப் புத்தி. அதில் பங்கு கேட்க யாரும் வரமாட்டார்கள்.

ஸ்டேஷன் எழுத்தர் இதை வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் நடந்ததும் இவ்வளவே, இதில் பொய் இல்லை. கீழே "முன்னாள் பொருளாளர்" என்று எழுதியிருந்தார். "முன்னாள்" என்பதை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
பொருளாளர்