சோதித்தவர்: யென் ஹுங்ஜி

— செருப்பை அப்புறம் அடுக்கலாம் ருவோலான், முதல்ல பதில் சொல்லு. செத்துப் போன மனுஷன் பேரை உன் புரோகிராம்ல எதுக்கு எழுதினே?

— சியூயுன் அண்ணி, கோவிச்சுக்காதீங்க. பாசத்துலதான் எழுதினேன்.

— அவர் போனது மே மாசம். நீ எழுதினது ஆகஸ்ட்ல. ‘சோதித்தவர்: யென் ஹுங்ஜி.’ அதுவும் முழுப் பேர்! நம்ம சந்திரக் கணக்குல ஆவிங்க வெளிய திரியற ஏழாம் மாசம் இது. கீழ்வீட்டுக்காரி வாசல்ல ஆவிங்களுக்குச் சோறு படைச்சு காகிதக் காசு எரிச்சிட்டிருக்கா, பாத்தேல்ல? உயிரோட இருக்கிறவங்களையே இந்த மாசம் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நீ ஊரு உலகத்துக்கே கேக்குற மாதிரி கூப்பிட்டு வச்சிருக்கே.

— எங்க வழக்கம் அப்படி அண்ணி. எல்லாருக்கும் இலவசமாக் குடுக்குற மென்பொருள், சம்பளமில்லாம ஆளாளுக்கு வீட்டுல உட்கார்ந்து செய்யற வேலை. சோதிச்சவங்க பேரை முழுசாப் போடுறது ஒண்ணுதான் மரியாதை. நான் எழுதற இந்த டிரைவர் புரோகிராமோட பதினோரு வெர்ஷனையும் அண்ணன்தான் சோதிச்சார்.

— பன்னிரண்டாவதை?

— அதையும் பாக்குறேன்னு சொல்லியிருந்தார்.

— சொன்னாரா, பாத்தாரா?

— பாக்கல.

— வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?

— எனக்குத் தெரிஞ்சு இந்த மாடல் லேப்டாப் அவர் ஒருத்தர்கிட்டதான் இருக்கு. சோதிச்சவர் பேர் இல்லாம அனுப்பினா, மென்பொருள்ல சேர்த்துக்கிறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னிக்கு ஆறு மணியோட வாங்குறதை நிறுத்திடுவாங்க. அப்புறம் மூணு மாசம் கழிச்சுதான். ரெண்டு வருஷ உழைப்பு அண்ணி.

— ஆக, பாதி பாசம், பாதி வசதி.

— ஆமா. சொல்லவே வெக்கமா இருக்கு.

— இருக்கட்டும். அவர் லேப்டாப் இருக்கிற இந்த ரூமுக்கு வா. நாற்காலிகிட்ட போகாதே, என்கூட சுவரோரம் நில்லு. மணி என்ன?

— மூணாகப் போகுது.

— உன் டிரைவர் என்னதான் பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— லேப்டாப் திரைக்கு மேல சின்னதா ஒரு கண் இருக்கு. எதிர்ல ஆள் உட்கார்ந்தா திரை முழிச்சுக்கும். எழுந்து போனா தூங்கிடும். வந்தது ஆளா இல்லையான்னு அந்தக் கண்ணுக்குச் சொல்லித் தர்றதுதான் டிரைவர்.

— கேட்டுக்கோ. அவர் போனதுலேர்ந்து இதை நான் அணைக்கல, மனசு வரல. புது வெர்ஷன் வந்தா தானா ஏத்திக்கிற மாதிரி அவர்தான் வச்சிருந்தார். மூணு மாசம் கம்முனு கிடந்தது. நீ பேரை எழுதி பன்னிரண்டாவதை நெட்ல போட்ட நாள்லேர்ந்து தினம் மூணு மணிக்கு...

— அண்ணி! முழிச்சிருச்சு!

— தினமும் இதே கூத்துதான்.

— ஒண்ணுமில்ல, காத்தா இருக்கும். நம்ம சிஞ்சு ஊர்க் காத்து தெரியாதா, திரைச்சீலை ஆடியிருக்கும்.

— ஜன்னல் சாத்தியிருக்கு. ஃபேன் ஓடல. பூனையைக்கூட தங்கச்சி வீட்டுல விட்டுட்டேன்.

— இருங்க, அந்தக் கண் என்ன பாக்குதுன்னு என் லேப்டாப்ல எடுத்துப் பாக்குறேன்... ஆள், ஒண்ணு. தூரம், அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

— அது எவ்வளவு?

— அந்த நாற்காலியில உட்கார்ந்தா... அவ்வளவுதான் இருக்கும்.

— இப்ப சொல்லு. இது கோளாறுன்னா உன் டிரைவரை நீ அனுப்பக் கூடாது. கோளாறு இல்லேன்னா அங்க என் புருஷன் உட்கார்ந்திருக்கார். ரெண்டுல எது?

— பயமா இருக்கு அண்ணி.

— எனக்கு மட்டும் இல்லையா? எது, சொல்லு.

— கோளாறு இல்ல. நூறு தடவை பாத்துட்டேன், ஒரு வரி தப்பில்ல. நான் அவர் பேரை எடுத்துடுறேன் அண்ணி, இப்பவே எடுத்துடுறேன். ரெண்டு வருஷம் போனா போகட்டும்.

— வேண்டாம்.

— நீங்கதானே எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டீங்க?

— வந்திருக்கிறது வேற யாரோட ஆவியோன்னு நினைச்சுக் கூப்பிட்டேன். அவர்தான்னா இருக்கட்டும். பேரும் இருக்கட்டும், அவரும் இருக்கட்டும். என்னங்க... சாப்பிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

— அண்ணி, அழாதீங்க. எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு.

— இப்ப என்ன மெயிலு?

— அண்ணன் முகவரிலேர்ந்து. இந்த நிமிஷம்தான் வந்திருக்கு.

— சத்தமாப் படி.

— ‘பன்னிரண்டாவது வெர்ஷனைச் சோதித்தேன், தேறவில்லை. என் பெயரை எடுத்துவிடு. அறையில் இரண்டே பேர்தான், இருவரும் சுவரோரம் நிற்கிறார்கள். நாற்காலியில் யாருமே இல்லை, ஆனால் ஆள் இருப்பதாகக் காட்டுகிறது.’